மருதோடைப் பாலத்துச் சாமி

சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி அரசாங்கத்துக்குச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை அரசாங்கம் மறுபேச்சு இல்லாமல் நம்பியது. பிறகு உண்மையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்காக அலைந்தார். அதை வாங்கி வைக்க ஒரு மேசையிலும் இடமில்லை. தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவருடைய மனுக்கள் எல்லாம் என் மெஷினுக்குள் போய் வந்தவை. அதனால் அவர் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. இல்லை என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அண்ணாச்சி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் மருதோடை. பாவூர்சத்திரத்திலிருந்து மேற்கே வரும்போது கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய சின்ன ஊர். குற்றாலத்து மலையில் மழை பெய்தால் ஊர்ப் பேரில் இருக்கிற அந்த ஓடையிலும் தண்ணீர் வரும். அந்த இடத்தில் தெற்கு வடக்காகத் திரும்புகிற சாலையைத் தாண்டிக் கிழக்கே குளத்துக்குப் போகும். தாண்டுகிற இடத்தில் ஒரு பழைய சின்னப் பாலம். ஆள் குனிந்து உள்ளே போகலாம், அவ்வளவுதான் உயரம். மேலே இரண்டு பக்கமும் முழங்காலளவு கைப்பிடிச் சுவர்.

பாலத்துக்குக் கிழக்கே, சாலையை ஒட்டி, அண்ணாச்சியின் தென்னந்தோப்பு. பனியில் நின்று சம்பாதித்த காசில் வாங்கிக் கிணறு வெட்டியது. மேற்கே, ஓடையின் மேல்பக்கம், ஒரு எலுமிச்சைத் தோட்டம். அதை ஒரே மகள் முத்துச்செல்விக்குக் கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்தார். அவள் புருஷன் சீசன் நேரத்தில் ஐந்தருவியில் பழக்கடை போடுகிறவன். சாரல் நின்றால் கடையும் நின்றுவிடும். மற்ற மாதங்களில் அந்தக் குடும்பம் சாப்பிட்டது எலுமிச்சையைத்தான்.

சாலையை நான்கு வழியாக்கப் போகிறார்கள் என்று அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். கிழக்குப் பக்கம்தான் அகலப்படுத்துவார்கள், தோப்பின் முன்பாதியும் கிணறும் போகும் என்று ஊருக்குள் பேச்சு. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான், வேறொரு ஊரில் கோவில் இருந்ததால் சாலையே வளைந்து போயிற்று என்று அவர் காதில் போட்டுவிட்டான்.

எங்கள் பக்கம் கோவில் சுவர் என்றால் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டையடித்திருக்கும். அந்தப் பட்டையைக் கண்டால் பஸ்ஸில் போகிறவன்கூட ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுவிடுவான். உள்ளே என்ன சாமி என்று விசாரிக்க மாட்டான். அண்ணாச்சி ஒரே பகலில் பாலத்தின் கிழக்குக் கைப்பிடிச் சுவருக்குக் காவியும் வெள்ளையும் அடித்தார். சுவரை ஒட்டிச் செங்கல் அடுக்கி இடுப்பளவுக்கு ஒரு பீடம் கட்டிச் சுண்ணாம்பு பூசினார். ஒரு அரிவாளை நட்டு, அரளி மாலை போட்டார். சாயங்காலத்துக்குள் மருதோடைக்குச் சுடலைமாடன் வந்து சேர்ந்துவிட்டார்.

அளவெடுக்க வந்த பையன்கள் வெளியூர். வந்தது பங்குனி வெயிலில். ஓடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பட்டையைப் பார்த்ததும் பயபக்தியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அளந்தார்கள். படத்தில் அந்த இடத்துக்கு நேரே ‘கோவில்’ என்று போட்டுக்கொண்டார்கள். சாமியின் காலடியில் குனிந்து கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். கிழக்குப் பக்கம் வீட்டு முகப்பு வைத்திருந்தவர்களுக்கும் அதில் லாபம் இருந்ததால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, அங்கே உண்மையிலேயே வழிபாடு நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு குழு வருவதாகத் தகவல் வந்தது. அண்ணாச்சி அவசர அவசரமாகச் சாமிக்குக் கொடை விழா வைத்தார். மேளம், வில்லுப்பாட்டு, கிடா எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. சாமியாட ஆள்தான் கிடைக்கவில்லை. இல்லாத சாமிக்கு யார் வந்து ஆடுவார்கள்? கடைசியில் சாமியாடிகள் உடுத்துகிற சல்லடத்தைத் தானே மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். முதல் சுற்று பரேடு மாதிரிதான் இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்புறம் மேளம் உச்சத்துக்குப் போனதும் அவருக்கு என்ன ஆனதோ, கண் சொருகி, உண்மையாகவே ஆடினார்.

“என்ன நடந்துதுன்னு எனக்கே தெரியலடே ஆசிக்கு,” என்று என் கடையில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னார். “முழிச்சுப் பார்க்கேன், எல்லாரும் எங்காலுல விழுந்து கெடக்காவ.”

அன்றைக்கு விழுந்தவர்களில் வள்ளித்தாயும் ஒருத்தி. பக்கத்துத் தெருவில் கட்டிக் கொடுத்த பெண், பல வருடமாகப் பிள்ளை இல்லாதவள். அவள் நெற்றியில் திருநீறு பூசி, “அடுத்த கொடைக்குள்ள எல்லாம் சரியாப் போவும் தாயி,” என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னார், வேறு எதுவும் அவருக்கு வரவில்லை. அடுத்த கொடைக்கு வள்ளித்தாய் நிறைமாசமாக வந்து நின்றாள். பெண் பிறந்தது. சுடலைவடிவு என்று பேர் வைத்தார்கள். அதோடு ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டது. பொய் என்று தெரிந்து வாயை மூடியிருந்தவர்களே இப்போது கைகூப்பிக்கொண்டு நின்றார்கள்.

சாலை மேற்குப் பக்கமாக நகர்ந்தது. கிணறு பிழைத்தது. மகளின் தோட்டம் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அண்ணாச்சி கொஞ்ச நாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். பாலத்தைப் பற்றி அவர் கவலையே படவில்லை. ஓடைக்கு மேல் சாலை போட்டால் பாலம் வைக்காமலா போவார்கள் என்பது அவர் எண்ணம். ஓடைதான் ஊர்ப் பேரிலேயே இருக்கிறதே!

வேலை ஆரம்பித்தபோது காண்ட்ராக்ட் கம்பெனியின் சைட் இன்ஜினியராக ஜஸ்டின் என்று ஒருவர் வந்தார். நாகர்கோவில்காரர், தண்ணீர் ஓடும் பூமியில் பிறந்தவர். ஓடைக்குள் இறங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணாச்சியின் தோப்புக்கு வந்தார்.

“அண்ணாச்சி, இது ஓடைல்லா? தண்ணி எந்தளவுக்கு வரும்?”

“ஏன் கேக்கிய?”

“எனக்குத் தந்த டிராயிங்ல இங்க பாலமே கிடையாது. கோயில், தொடக் கூடாதுன்னு மட்டும் போட்டிருக்கு. படம் போட்டவங்ககிட்ட கேட்டா, சர்வே என்ன குடுத்துதோ அதத்தான் போட்டோம்னு சொல்லுதாங்க. சர்வே எடுத்தவங்க வேல முடிஞ்சு எப்பவோ போயாச்சு. இது கோயிலுக்க சுவரா, பாலத்துக்க சுவரா? நீங்க பாலம்னு சொன்னா நான் மேல எழுதிப் போடுதேன். ஆனா கோயில் இல்லன்னு ஆச்சுன்னா, ரோடு பழையபடி உங்க தோப்புப் பக்கம் திரும்பினாலும் திரும்பும்.”

அண்ணாச்சி கிணற்றைப் பார்த்தார். பிறகு, “அது கோயில்தான். தண்ணி எப்பவாச்சும் கொஞ்சம் வரும்,” என்றார்.

இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நான் அவரை அன்றைக்கே கடையை விட்டு இறக்கியிருக்க வேண்டும். மேற்கே இருந்தது அவர் மகளின் தோட்டம். அந்த ஓடை எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாதா? ஐப்பசியில் ஓடை இரைகிற சத்தத்தில் தூங்கிப் பழகிய மனுஷன்! ஆனாலும் அந்த நேரத்தில் அவருக்குக் கிணறுதான் பெரிதாகத் தெரிந்தது. மகளுக்கு வரப்போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மண் கொட்டி ஆளுயரத்துக்குச் சாலையை உயர்த்தினார்கள். பழைய பாலத்தின் மேற்கு வாய் மண்ணுக்குள் போனது. கிழக்கு வாய்க்கு மேல் சாமி இருந்ததால், சாமிக்குப் பாதுகாப்பாகச் சுற்றுச்சுவர் எழுப்பி, கம்பெனி செலவில் டைல்ஸும் ஒட்டிக் கொடுத்தார்கள். ஜஸ்டின் வேலை முடிந்து வடக்கே எங்கோ போய்விட்டார்.

முதல் ஐப்பசியிலேயே தண்ணீர் வந்து சாலையில் முட்டி நின்றது. எங்கே போகும்? முத்துச்செல்வியின் தோட்டத்தில் பரவியது. எலுமிச்சை வேரில் தண்ணீர் தங்கக் கூடாது. இலை பழுத்தது, பிஞ்சு உதிர்ந்தது, மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. முத்துச்செல்வி சேற்றுக் காலோடு அப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“எப்பா, பாலம் எங்கப்பா? சின்னப் பிள்ளையில நான் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வருவேம்லா, அந்தப் பாலம் எங்க?”

அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு அன்றைக்கே தென்காசிக்கு பஸ் ஏறினார். மனு எழுதுகிற காலம் அப்படித்தான் தொடங்கியது.

நெடுஞ்சாலைத் துறையில் சாலையைக் கட்டிய பிரிவுக்குப் போனார். எங்களுக்கு வந்த படத்தில் பாலம் இல்லை, திட்டம் போட்ட பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், நாங்கள் படத்தைக் கொடுத்தாயிற்று, இனி அது எங்களுடையது இல்லை என்றார்கள். பராமரிக்கிற பிரிவில் இன்னும் மரியாதை. உட்கார வைத்து, சாலையை எங்களிடம் ஒப்படைக்கும்போது இந்த இடத்தில் பாலம் என்று எதுவும் ஒப்படைக்கப்படவில்லை, ஒப்படைக்காத பாலத்தை நாங்கள் எப்படித் தூர்வாருவது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமான கேள்விதான். அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. தனக்கு முன்னால் இருந்தவன் கொடுத்ததைத் தனக்குப் பின்னால் வருகிறவனுக்கு ஒழுங்காகக் கொடுத்திருந்தார்கள்.

என் தொழிலில் இதை நான் தினமும் பார்க்கிறேன். மூலத்தில் ஒரு கறை இருந்தால் நகல் அத்தனையிலும் அந்தக் கறை இருக்கும். அப்புறம் மூலத்தைத் துடைத்து என்ன பிரயோஜனம்? நகல்கள் ஊரெல்லாம் போய்விட்டனவே. அண்ணாச்சிக்கு இதை விளக்கிச் சொன்னேன். “நீ ஒருத்தன், வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாத,” என்றார்.

என் முழுப்பெயர் முகம்மது ஆசிக். அது கோவில் இல்லை, பாலம் என்று நான் போய் ஒரு இடத்தில் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் நகல் எடுத்துக் கொடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டு ஐப்பசி இப்படியே போயிற்று. தோட்டத்தில் பாதி மரம் போனது. முத்துச்செல்வியின் புருஷன் சீசன் இல்லாத மாதங்களில் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கப் போனான். எலுமிச்சை மூட்டையையும் தூக்கியிருப்பான், அடுத்தவன் தோட்டத்து எலுமிச்சை.

கடைசியில் ஒரு வழி பிறந்தது போலத்தான் இருந்தது. பராமரிப்புப் பிரிவுக்குப் புதிதாக ஷிஃபா என்ற உதவிப் பொறியாளர் வந்தார். மனுவைப் படித்தவர், யாரிடமும் கேட்காமல் நேரே இடத்துக்கே போனார். சுற்றுச்சுவருக்குக் கீழே புதரை விலக்கி, டார்ச் அடித்துப் பாலத்தின் பழைய வாயைப் பார்த்துவிட்டார். மறுநாள் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் கூட இருந்தேன்.

“சார், அது பாலம்தான், நானே பார்த்துட்டேன். மேற்கே மண்ணைத் தோண்டிக் குழாய் இறக்கிப் பழைய பாலத்தோட சேர்த்துடலாம். ஆனா கிழக்கு வாயைத் திறக்கணும்னா பீடத்தை நாலடி தள்ளி வைக்கணும். கோவில்னு ரெக்கார்டுல இருக்கிறதை இல்லன்னு நான் எழுதினா, என் பேரைப் பார்த்துட்டு வேற மாதிரி பேசுவாங்க. ஊர்க்காரங்க எல்லாரும் இருக்கும்போது, அது பாலத்துச் சுவர், பீடம் நான் வச்சதுன்னு நீங்க வாயால சொல்லுங்க. அது போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.”

“சொல்லுதேம்மா,” என்றார் அண்ணாச்சி. “தோப்பு போனாலும் போட்டும். எம்மவளுக்கு நான் செஞ்சத நானே தீர்த்து வைக்கேன்.” அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை நாள் அவர் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி குறைந்துவிட்டது.

குறித்த நாளில் ஊரே பீடத்தைச் சுற்றி நின்றது. ஜேசிபி ஒன்று ஓரமாக நின்றது. முத்துச்செல்வி கருகிய எலுமிச்சைக் கிளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். ஷிஃபா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இது என்னன்னு நீங்க சொல்லுங்க சார்,” என்றார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “இது வந்து… நான் பட்டாளத்துல இருந்து வந்த புதுசுல…” என்று ஆரம்பித்தார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வள்ளித்தாய் வந்தாள். இடுப்பில் சுடலைவடிவு. பிள்ளையை இறக்கி அவர் முன்னால் நிறுத்தினாள்.

“பெரிப்பா, நீரு என்ன சொல்லப் போறீருன்னு ஊருக்கெல்லாம் தெரியும். சொல்லும். ஆனா இவளப் பார்த்துச் சொல்லும். உம்ம கையால துண்ணூறு வாங்கித்தானே இவ பொறந்தா? அது பொய்யின்னா இவ யாருக்கிட்ட இருந்து வந்தா? நாளைக்கு எம்மாமியாரு என்னப் பார்த்துக் கேப்பாவல்லா, நான் என்ன சொல்லட்டும்?”

 அந்தப் பிள்ளை அண்ணாச்சியைப் பார்த்து, கொடையில் பழகிய பழக்கத்தில் இரண்டு கையையும் கூப்பியது. நெற்றியைத் தூக்கிக் காட்டியது, திருநீறு பூசச் சொல்லி.

அண்ணாச்சி அந்த நெற்றியைப் பார்த்தார். மகள் கையில் இருந்த கிளையைப் பார்த்தார். 

“கோயில்தாம்மா,” என்றார். “இது கோயில்தான்.”

 ஷிஃபா ஜேசிபிக்காரனிடம் போகலாம் என்று கையைக் காட்டினார். வள்ளித்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். முத்துச்செல்வி அழவில்லை. கிளையைப் பீடத்துக்கு முன்னால் கீழே போட்டுவிட்டு மேற்கே இறங்கி நடந்தாள். அன்றிலிருந்து அவள் அப்பன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவர் போனாலும் உள்ளேயிருந்து வெளியே வருவதில்லை.

யாரைக் குறை சொல்வது? வள்ளித்தாயைச் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளையைச் சொல்ல முடியாது. அண்ணாச்சியைத்தான் சொல்ல வேண்டும், ஜஸ்டின் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இவ்வளவு பேர் மேல் ஏற்றி வைத்தவர் அவர்தான். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “தெரியும்டே,” என்றார். மனு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

போன கார்த்திகையில் மலையில் மழை விடாமல் பெய்தது. அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். மருதோடையில் சாலைக்கு மேற்கே ஒரே ஏரி. மிச்சமிருந்த மரங்களும் அதற்குள் நின்றன. கிழக்கே ஒரு சொட்டு இல்லை. அந்தப் பெரிய வெள்ளத்திலும் சாலை அசையாமல் நின்றதற்குச் சுடலைமாடன்தான் காவல் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தை மாதம் கொடை. தண்ணீர் அப்போதும் முழுசாக வற்றவில்லை. நான் வழக்கம்போல ரோட்டோரம் மிட்டாய்க் கடைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். அண்ணாச்சிக்கு இப்போது வயதாகிவிட்டது, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள ஆடினார். ஆட்டம் முடிந்ததும் குறி கேட்க வரிசை நின்றது. வேலைக்குப் போகாத மகன், சேராத வரன், விற்காத நிலம். எல்லோருக்கும் நெற்றியில் திருநீறு, எல்லோருக்கும் அதே வாக்கு.

வரிசையின் கடைசியில் முத்துச்செல்வி நின்றாள்.

அவள் முறை வந்தது. மேளக்காரர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அண்ணாச்சி கண் திறந்து மகளைப் பார்த்தார். அவர் உதடு, வீட்டில் மகளைக் கூப்பிடுவது போல, “ஏட்டி” என்று அசைந்ததை நான் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

அவள் எல்லோரையும் போலக் கைகூப்பினாள். “சாமி, எங்க தோட்டத்துத் தண்ணி எப்போ வடியும்?” என்று கேட்டாள்.

தட்டில் இருந்த திருநீற்றை அள்ளிய கை அப்படியே நின்றது. ஊர் காத்துக்கொண்டு நின்றது. அவர் காலுக்குக் கீழே, டைல்ஸுக்குக் கீழே, அந்தப் பாலம் வாயடைத்துக் கிடந்தது. பிறகு அவர் கையை நீட்டி மகளின் நெற்றியில் பூசினார்.

“அடுத்த கொடைக்குள்ள எல்லாம் சரியாப் போவும் தாயி.”

“சரி சாமி,” என்று சொல்லிவிட்டு முத்துச்செல்வி இறங்கிப் போனாள்.